ஒட்டன்சத்திரத்தில் இண்டியானாபொலிஸ்

நதியாவிடமிருந்து அழைப்பு வந்தபோது சுசித்ராவின் இரண்டு கைகளிலும் சாக்லேட் அப்பியிருந்தது. நாயுடுபுரத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டின் பின்கட்டுதான் அவள் கணவன் ஞானவேலின் சாக்லேட் பட்டறை. சீசன் நெருங்கிவிட்டதால் கொடைக்கானல் கடைக்காரர்கள் சரக்கு கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். ஞானவேல்தான் போனை எடுத்து அவள் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

நதியா சென்னையில் ஒரு தமிழ் விளையாட்டு இணைய இதழுக்கு ஆசிரியை. நல்ல பெண், ஆனால் எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. சுசித்ரா வாராவாரம் எழுதிவந்த அமெரிக்கக் கார் பந்தயப் பத்தியை இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றாள். படிக்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், மேலே இருப்பவர்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லை என்றாள். கிரிக்கெட் எழுது, இல்லாவிட்டால் ஊரெல்லாம் பார்க்கிற ஃபார்முலா ஒன் பற்றி எழுது, உனக்கு எப்போதும் இடம் உண்டு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

“என்னவாம்?” என்றான் ஞானவேல்.

“பத்திய நிறுத்திட்டாங்க.”

அவன் அச்சுத் தட்டை எடுத்துக் குளிர்பெட்டிக்குள் வைத்தான். அந்தப் பந்தயத்தின் தலையும் வாலும் அவனுக்குப் புரிந்ததில்லை. ஆனால் திங்கட்கிழமைகளில் வெள்ளனே எழுந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு, அடுப்படியில் உட்கார்ந்து முந்தின நாள் பந்தயத்தைப் பார்க்கும் மனைவியின் முகம் அவனுக்குத் தெரியும். அந்த முகத்துக்காகவே அவன் அந்த நாட்களில் காப்பியைத் தானே போட்டுக்கொள்வான்.

அது இண்டிகார் என்கிற பந்தயம். ஒரே ஓர் ஆள் உட்காரும் கார். கூரை கிடையாது. நான்கு சக்கரங்களும் உடம்பைவிட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு காலத்தில் அதன் ஓட்டுநர்களின் பெயர்கள் அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தன. தொண்ணூறுகளின் நடுவில் பந்தயம் நடத்துகிறவர்களுக்குள் சண்டை வந்து, ஒன்று இரண்டாகப் பிரிந்தது. பேர்போன இண்டியானாபொலிஸ் மைதானம் ஒரு பக்கம், பேர்போன ஓட்டுநர்கள் ஒரு பக்கம் என்று ஆயிற்று. பல வருஷம் கழித்து இரண்டும் மறுபடி ஒன்று சேர்ந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த ஜனங்களில் பாதிப் பேர் வேறு பந்தயங்களுக்குப் போய்விட்டிருந்தார்கள். செய்தித்தாள்கள் நிருபர்களை அனுப்புவதைக் குறைத்துக்கொண்டன. இந்தியாவிலோ, எந்தச் சேனலில் வரும், வருமா வராதா என்பதே ஒவ்வொரு வருஷமும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய சோலியாக இருந்தது.

சுசித்ராவுக்கு அது தொற்றியது கோயம்புத்தூரில். படிப்பு முடித்ததும் அவள் சேர்ந்த நிறுவனம், அமெரிக்க நிகழ்ச்சிகளில் பேசுவதைக் கேட்டு அப்படியே தட்டச்சு செய்து தரும் நிறுவனம். சமையல், வழக்கு, மருத்துவம் என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டதில், யாரும் தொடாத கார் பந்தயம் புதிதாக வந்த இவள் தலையில் விழுந்தது. முதல் மாதம் வெறும் இரைச்சல்தான். பிறகு ஒருநாள், இயந்திரம் புகைந்து வண்டியை ஓரங்கட்டிய ஓட்டுநர் ஒருவன் தன் ஆட்களிடம் ரேடியோவில் பேசுவதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அத்தனை நாள் உழைப்பும் கண்முன்னே கரியாகிக்கொண்டிருக்க, அவன் யாரையும் திட்டவில்லை. எல்லாரும் சாப்பிட்டீர்களா என்று கேட்டான். சுசித்ரா அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டாள். அதற்குப் பிறகு விட முடியவில்லை. நிறுவனம் மூடப்பட்டு, சொந்த ஊருக்குத் திரும்பி, ஞானவேலைக் கட்டிக்கொண்ட பின்னும் அந்தக் கிறுக்கு மட்டும் கூடவே வந்தது.

கடைசிப் பத்தியை எழுத உட்கார்ந்தவளுக்கு ஒரு வரியும் வரவில்லை. கடைசியில் போனை எடுத்துக் குரல் பதிவாகப் பேசத் தொடங்கினாள். தனக்கு மிகவும் பிடித்த பந்தயத்தையே சொன்னாள். எண்ணெய் தீரப்போகிறது என்று தெரிந்தும் தன் ஆட்கள் நிற்கிற ஓரத்துக்கு உள்ளே வந்து நிரப்பாமல், கடைசிச் சுற்றில் கிளட்சை அமுக்கி அமுக்கி வண்டியை உருளவிட்டு, பின்னால் வருகிறவர்கள் நெருங்க நெருங்க, ஊர்ந்தே கோட்டைத் தாண்டி ஜெயித்தவனின் கதை. அதைப் பத்தியின் வாசகர்கள் சிலர் இருந்த வாட்ஸப் குழுவில் போட்டாள். இரண்டு மூன்று பேர் இதயம் போட்டார்கள். அவ்வளவுதான். அதற்கடுத்த திங்கட்கிழமை அவள் வெள்ளனே எழவில்லை. அதற்கடுத்த வாரமும் எழவில்லை. ஞானவேல் கவனித்தான். கேட்டால் அழுதுவிடுவாளோ என்று கேட்காமல் இருந்தான்.

மே மாதத் தொடக்கத்தில் ஒருநாள் பெருமாள்மலைக் கடை ஒன்றுக்குச் சரக்கு கொடுக்கப் போனவள் மழையில் மாட்டிக்கொண்டாள். சாலை பழனிப் பக்கம் பிரியும் இடத்தில் இருந்த டீக்கடையில் ஒதுங்கி நின்றாள். பக்கத்தில் காரட் மூட்டை ஏற்றிய சின்ன லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். லாரிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது. எங்கோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று நினைத்தாள். ‘இன்னும் ஒரு வளைவுதான் பாக்கி’ என்றது அந்தக் குரல். தன் குரல்தான் அது என்று உறைத்தபோது அவளுக்கு மழையையும் மீறிக் காது சுட்டது.

ஓட்டுநர் வந்து டீயை வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றான். முப்பது வயது இருக்கும்.

“இது என்னங்க ஓடுது?” என்று கேட்டாள், ஒன்றும் தெரியாதவள்போல.

“அதுங்களா, கார் ரேசு. அமெரிக்காவுல. ஒருத்தன் எண்ணெய் இல்லாம நியூட்ரல்லயே வண்டிய உருட்டிக் கொண்டாந்து செயிச்சுட்டான். இந்த மலையில அப்பிடி விட்டம்னா நேரா எமலோகந்தான். அங்கன சமதரை, அதனால தப்பிச்சான்.”

சுசித்ராவால் பொறுக்க முடியவில்லை. “நியூட்ரல் இல்லங்க, கியர்லதான் இருந்துச்சு. கிளட்ச மட்டும்தான் அமுக்குனான். அதுவும் சமதரை கெடையாது, நாலு வளைவும் ஒரு பக்கமாச் சரிஞ்சிருக்கும்.”

அவன் டீயைக் குடிக்காமல் அவளையே பார்த்தான். லாரிப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான்.

“அக்கா, நீங்கதானா அந்தக் கொரலு?”

அவன் பெயர் பழனிக்குமார். சொந்த ஊர் அய்யம்பாளையம். மேல்மலைக் காய்கறிகளை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் இறக்குகிறவன். குழுவில் இருந்த வாசகர் ஒருவர் அவனுடைய பழைய வகுப்புத் தோழராம். அவர் அனுப்பியதை இவன் லாரிக்காரர்கள் குழுவில் போட, அங்கிருந்து அது மார்க்கெட்டுக்குள் போய்விட்டது. அங்கே காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கும் பாண்டிச்செல்வி அக்கா, மூட்டை இறக்கும் நேரத்தில் அதை ஸ்பீக்கரில் போட்டுவிடுவதாகவும், இறக்குகிற ஆட்கள் அடுத்தது எப்போது வரும் என்று இவனைப் போட்டுப் பிடுங்குவதாகவும் சொன்னான். அவன் கேட்டதும் அதைத்தான்.

இனிமேல் வராது, அதுதான் கடைசி என்று சுசித்ரா சொன்னாள். பழனிக்குமாரின் முகம் விழுந்துவிட்டது. பாதிக் கதையில் எழுந்துபோகச் சொன்னால் ஒருவன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், பழையது நிறைய எழுதி வைத்திருக்கிறேன், படித்து அனுப்புகிறேன் என்று வாய்விட்டுவிட்டு, அவன் நம்பரை வாங்கிக்கொண்டு மழையோடேயே பஸ் ஏறினாள். வீடு வந்து ஞானவேலிடம் சொல்லும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் அப்படிப் பேசிக் கேட்ட ஞானவேல், வேலையைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து முழுக்கக் கேட்டான்.

அந்த வாரம் முழுக்க அவள் தன் பழைய பத்திகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பதிவு செய்து அனுப்பினாள். உழைத்து எழுதியவை அவை. தொலைக்காட்சி பார்த்தவர்கள் எண்ணிக்கை எப்படி ஆண்டுக்காண்டு சரிந்தது, பிரிவினையால் எத்தனை பெரிய நிறுவனங்கள் கைகழுவின, எந்தெந்தப் பத்திரிகை பந்தயச் செய்தியை எந்தப் பக்கத்துக்குத் தள்ளியது என்று எல்லாம் அவற்றில் இருந்தன. அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். ஒரு பதிலும் இல்லை. பழனிக்குமாரிடம் கேட்டபோது, நல்லாத்தான் இருக்குக்கா என்று இழுத்தான். அந்த இழுவையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. சந்தை இரைச்சலுக்கு மேலே எழும்பிப் பேசிப் பழகிய குரல்.

“நான் பாண்டிச்செல்வி பேசுறேன், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல இருந்து. ஏம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?”

சொல்லுங்கக்கா என்றாள் சுசித்ரா.

“அந்த எண்ணெய் தீந்த பய கதைய நாங்க எத்தன தடவ கேட்டோம்னு கணக்கே இல்ல. இப்ப நீ அனுப்புனதப் பூராம் கேட்டேன். கூட்டம் கொறஞ்சுபோச்சு, டிவில காட்ட மாட்டேங்கிறான், பேப்பர்ல போட மாட்டேங்கிறான். எல்லாத்துலயும் இதேதான். நான் கடையத் தொறந்து வச்சுக்கிட்டு, வர்ற யாவாரிகிட்டப் பூராம் முன்ன மாதிரி யாவாரமே இல்ல, முன்ன மாதிரி யாவாரமே இல்லன்னு பொலம்பிக்கிட்டே இருந்தா, அவன் அடுத்த கடைக்குப் போவானா மாட்டானா?”

“நடந்ததத்தான்க்கா சொன்னேன். உண்மைதான அது.”

“உண்மைதாம்மா, யாரு இல்லன்னா? ஆனா, வராத ஆளப் பத்தி வந்த ஆளுகிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? நாங்க வந்திருக்கோம்ல. எங்களுக்குச் சொல்லு.”

போனை வைத்த பிறகு சுசித்ராவுக்குக் கோபம் கோபமாக வந்தது. கத்தரிக்காய் விற்கிறவர்களுக்கு என்ன தெரியும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள். நினைத்ததற்காக உடனே வெட்கப்பட்டாள். இரண்டு நாள் கடுகடுவென்றே வேலை பார்த்தாள். மூன்றாம் நாள், முந்திரி உடைத்துக்கொண்டே தன் பதிவுகளைத் தானே போட்டுக் கேட்டாள். மூன்றாவது பத்தியிலேயே கொட்டாவி வந்தது. ஓட்டுநர்கள் எங்கே, வண்டிகள் எங்கே, சாப்பிட்டீர்களா என்று கேட்டவன் எங்கே? அத்தனை வருஷத்தில் ஒரு பத்தியில்கூட அவனைப் பற்றி அவள் எழுதியிருக்கவில்லை. செத்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரிடமெல்லாம் துக்கம் சொல்வதுபோலத்தான் எழுதி வந்திருக்கிறாள். உள்ளே போய்ப் பார்த்திருந்தால் ஆள் உயிரோடு எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருப்பது தெரிந்திருக்கும்.

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. என்ன சிரிப்பு என்று ஞானவேல் எட்டிப் பார்த்தான்.

“பெரிய பந்தயம் வருதுங்க, மாசக் கடைசியில. இண்டியானாபொலிஸ். மறுநா திங்கக்கிழமை நான் ஒட்டன்சத்திரம் போவணும்.”

மே மாதக் கடைசித் திங்கள் என்றால் கொடைக்கானலில் கால்வைக்க இடம் இருக்காது. வருஷத்திலேயே சாக்லேட் அதிகம் போகிற நாட்கள் அவை. ஞானவேல் தலையைச் சொறிந்தான். பிறகு, கடைக்காரர்களுக்கு முந்தின நாளே சரக்கைக் கொடுத்துவிடலாம், நானும் வருகிறேன், அந்தக் கூட்டத்தில் உன்னைத் தனியாக பஸ்ஸில் அனுப்ப முடியாது என்றான். பாண்டிச்செல்விக்குத் தகவல் போனது. அக்கா சுருக்கமாகப் பதில் அனுப்பினாள்: ‘ஏலம் முடிஞ்சதும் வா. அதுக்கு முன்னாடி யாரும் காது குடுக்க மாட்டாங்க.’

அந்தத் திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே எழுந்து, இணையத்தில் கிடைத்த வானொலி வருணனையின் பதிவைக் கேட்டபடியே பைக்கில் ஞானவேலின் பின்னால் உட்கார்ந்தாள். பழனி மலைப்பாதையில் இறங்கும்போது பாதிப் பந்தயம் முடிந்திருந்தது. சவரிக்காடு தாண்டியதும் சிக்னல் போய்விட்டது. அடுத்த வளைவில் வந்தது, மறுபடி போனது. வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, சிக்னல் கிடைத்த ஒரு பாறையின்மேல் ஏறி நின்று மிச்சத்தைக் கேட்டாள். அமெரிக்காவில் எல்லாம் முடிந்து பெருக்கிச் சுத்தம் செய்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் யார் ஜெயித்தது என்று தெரியாதவரைக்கும் அவளுக்கு அது இப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. கடைசிச் சுற்றில் அவள் கத்திய கத்தலில், பக்கத்தில் இருந்த பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகள் கலைந்து ஓடின.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மார்க்கெட்டில் ஏலம் ஓய்ந்திருந்தது. தக்காளிப் பெட்டிகளும் முருங்கைக்கட்டுகளும் லாரிகளில் ஏறிக்கொண்டிருந்தன. பாண்டிச்செல்வி ஐம்பதைத் தாண்டிய, வாட்டசாட்டமான பெண். கழுத்தில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, நாலு ஆண்களை ஒரே நேரத்தில் அதட்டிக்கொண்டிருந்தாள். சுசித்ராவைப் பார்த்ததும், போனில் பேசும்போது பெரிய ஆள் மாதிரி இருந்தது, இத்தனூண்டு இருக்கியே என்று சொல்லி, வெங்காய மூட்டை ஒன்றின்மேல் துண்டை விரித்து உட்காரச் சொன்னாள். லாரிக்காரர்கள், இறக்குகிற ஆட்கள், கடைகளில் வேலை செய்கிற பெண்கள் என்று ஒரு கூட்டம் மெல்லச் சேர்ந்தது. பழனிக்குமார் கூட்டத்தை விலக்கி முன்னால் வந்து நின்றுகொண்டான்.

சுசித்ராவுக்குப் பயமாக இருந்தது. எழுதுகிறவளுக்குப் படிக்கிறவர்களின் கண்கள் தெரியாது. இங்கே அத்தனை கண்களும் அவள்மேல் இருந்தன. ஜெயித்தவனிடமிருந்து தொடங்கத்தான் அவள் நினைத்து வந்திருந்தாள். அவன் பெயர் அமெரிக்காவில் அன்றைக்குக் கொஞ்சம் பேருக்காவது தெரிந்திருக்கும். ஆனால் வாயைத் திறந்தபோது வேறு ஒருவன்தான் வந்தான். கடைசி வரிசையில் நின்று கிளம்பியவன். முதல் தடவை சக்கரம் மாற்ற உள்ளே வந்தபோது அவனுடைய ஆட்கள் ஒரு சக்கரத்தைச் சரியாக முடுக்காமல் விட்டுவிட்டார்கள். மறுபடி உள்ளே வந்து, ஒரு சுற்றுக்கும் மேல் பின்தங்கி, அதன்பிறகு ஒருவர் ஒருவராகத் தாண்டிக்கொண்டு போனான்.

“எத்தன பேரத் தாண்டுனான்?” என்றது ஒரு குரல்.

“இருங்க, சொல்றேன்” என்றாள் சுசித்ரா. அப்படிச் சொன்ன அந்த நொடியில் அவளுடைய பயம் போய்விட்டது.

காற்று எப்படி முன்னால் போகிற வண்டியின் முதுகில் ஒளிந்து வருகிறவனை இழுத்துக்கொண்டு போகும் என்று கையைக் காட்டிச் சொன்னாள். லாரிக்காரர்கள் தலையாட்டினார்கள். ஒரு வண்டி சுவரில் மோதிச் சிதறியதையும், ஓட்டுநர் தானே இறங்கி நடந்து வந்ததையும் சொன்னபோது, ஒரு பெண் ‘அப்பாடா’ என்று மாரில் கைவைத்துக்கொண்டாள். கடைசி வரிசைக்காரன் பத்துப் பேருக்குள் வரவில்லை. அதற்கு வெளியேதான் முடித்தான். அதைச் சொல்லும்போது கூட்டம் அலுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தாள். பழனிக்குமார்தான் முதலில் கையைத் தட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள்.

ஜெயித்தவன் அங்கே என்ன செய்வான் என்று ஒருவர் கேட்டார். ஒரு பாட்டில் பாலை எடுத்துக் குடிப்பான், வெகுகாலமாக அதுதான் வழக்கம் என்றாள். கூட்டம் சிரித்தது. கார் ஓட்டுகிறவன் பாலா குடிப்பான் என்று யாரும் நம்பவில்லை. ஞானவேல் போனில் படத்தைத் தேடிக் காட்ட வேண்டியதாயிற்று. பாண்டிச்செல்வி டீக்கடைப் பக்கம் திரும்பி எல்லாருக்கும் பால் கொண்டுவரச் சொன்னாள். சீனி பத்தவில்லை என்று சிலர் முனகிக்கொண்டே குடித்தார்கள்.

இவ்வளவு நல்ல பந்தயத்தை ஏன் அவர்கள் ஊரிலேயே பார்க்கவில்லை என்று, பால் தம்ளரோடு நின்ற ஒரு பெரியவர் கேட்டார். வருஷக்கணக்காக அவள் எழுதிக் குவித்த கேள்வி அது. இரண்டாகப் பிரிந்த கதையைச் சுருக்கமாகச் சொன்னாள்.

“ஒரே ஊர்ல ஒரே நாள்ல ரெண்டு சந்தையப் போட்டா உருப்படுமா?” என்றாள் பாண்டிச்செல்வி. “அதான் இப்பச் சேந்துட்டாங்கள்ல. சந்தை ஒரு தடவ கலைஞ்சா மறுபடி கூட நாளாகும். கூடும்.”

அதற்குமேல் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் எந்த ஊரில் என்றுதான் கேட்டார்கள். டெட்ராய்ட், அங்கே மைதானம் கிடையாது, நகரத்துத் தெருவிலேயே ஓட்டுவார்கள், ரோடு மேடும் பள்ளமுமாகத் தூக்கித் தூக்கிப் போடும் என்றாள் சுசித்ரா.

“அப்ப நம்ம ரோடு மாதிரி” என்றான் பழனிக்குமார். “அதுக்கு நாங்களே போவலாம்.”

ஜூன் மாதத்தில் நதியா கூப்பிட்டாள். கூட்டத்தில் யாரோ போனில் பதிவு செய்து அனுப்பியதில் அந்தச் சந்தைப் பேச்சு அவள் கைக்கும் போயிருந்தது. பத்தியைத் திரும்பத் தொடங்க இப்போதும் வழியில்லை என்று வழக்கம்போல நேராகவே சொன்னாள். ஆனால் வாராவாரம் இந்த மாதிரிப் பேசித் தந்தால் இதழின் பக்கத்தில் ஒலியாகப் போடலாம், எத்தனை பேர் கேட்பார்கள் என்று மட்டும் சொல்ல முடியாது என்றாள். போடுங்கள், ஆனால் திங்கட்கிழமை மார்க்கெட்டுக்குப் போன பிறகுதான் உங்களுக்கு வரும் என்றாள் சுசித்ரா. நதியா சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள்.

கேட்கிறவர்கள் மளமளவென்று பெருகிவிடவில்லை. ஒட்டன்சத்திரத்துக்கு வெளியே அங்கொருவர் இங்கொருவர் என்று சேர்ந்தார்கள், சிலர் போனார்கள். அமெரிக்காவில் இந்த வருஷம் பார்த்தவர்கள் கூடினார்களா குறைந்தார்களா என்று சுசித்ரா இப்போதெல்லாம் தேடுவதில்லை. திங்கட்கிழமை வெள்ளனே எழுந்து, பந்தயத்தைப் பார்த்துவிட்டு, ஏலம் முடிகிற நேரத்துக்குப் பேசி அனுப்பிவிடுவாள். கொஞ்சம் தாமதமானாலும் பாண்டிச்செல்வியிடமிருந்து போன் வந்துவிடும். சீசன் முடிந்து வேலை குறைந்ததால், ஞானவேலும் இப்போது அடுப்படியில் அவள் பக்கத்தில் போர்வைக்குள் உட்கார்ந்துகொள்கிறான். பாதிக்கு மேல் தூங்கிவிடுகிறான். யார் ஜெயித்தது என்று மட்டும் தப்பாமல் எழுந்து கேட்டுக்கொள்கிறான்.